ஐந்நூறு கந்தாங் நல்லெண்ணெய்

மலேசியாவில் ஒரு நல்லெண்ணெய் ஆலை இருக்கிறது. ஆண்டுக்கு ஐந்நூறு கந்தாங் எண்ணெய் எடுக்கிறோம் என்று அதன் முதலாளி ‘ஏ’ சொல்கிறார். ‘பி’ நம்பி ஆலையை வாங்கிவிடுகிறார். ஏ சொன்னது பச்சைப் பொய். குளுவாங்கிலோ சிகாமட்டிலோ போய்த் தேட வேண்டாம். ஆலை இருப்பது 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுக்குக் கீழே, உதாரணப் பகுதியில். இந்தியாவில் 1872-இல் இதன் மூலச் சட்டத்தை எழுதியபோது அது அவுரிச் சாயம் எடுக்கும் ஆலை. கடல் தாண்டியதும் அவுரி எள்ளாகிவிட்டது, மணங்கு கந்தாங்காகிவிட்டது. ஐக்கிய மலாய் மாநிலங்களுக்கு 1899-லேயே வந்த சட்டம், அந்தக் கூட்டில் சேராத ஜொகூருக்கு 1950-இல்தான் வந்தது. 1974-இல் திருத்திய பதிப்பாக நாடு முழுவதற்கும் 136-ஆம் சட்டமாயிற்று. ஒரு கந்தாங் ஏறக்குறைய நாலரை லிட்டர். ஐந்நூறு கந்தாங் என்றால் ஜொகூரில் எங்கள் மாசாய் ஊர்க்காரர்கள் பெரும்பாலானோர் ஒரு தீபாவளிக்குத் தலைமுழுகிவிடலாம்.

இதெல்லாம் நான் கோபத்தில் படித்தது. நான் வழக்கறிஞன் இல்லை. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் சரக்குக் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவன். ஒரு மனிதர் மேல் கேஸ் போட வேண்டும் என்று சட்டத்தைத் திறந்தேன். பிரிவுக்குப் பிரிவு குற்றவாளிக் கூண்டில் நானே நிற்பதைப் பார்த்துவிட்டு மூடினேன்.

கேஸ் ஒரு பழைய கார் சம்பந்தப்பட்டது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி அடுத்தடுத்து இரண்டு முறை முழுகியது நினைவிருக்கும். ஜொகூரில் அந்த வருடம் பழைய கார் வாங்கப் போகிறவன் கேட்க வேண்டிய முதல் கேள்வி எது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். நான் கேட்கவில்லை. காரணம், கேட்டால் எனக்குக் கார் பற்றி ஒன்றும் தெரியாது என்பது தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக பானெட்டைத் திறக்கச் சொன்னேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இன்ஜினைப் பார்த்து “ம்” என்றேன். இன்னொரு பக்கம் போய் நின்று மறுபடி “ம்” என்றேன். விற்ற தம்பி நம்ம ஆள்தான். “டிப்டாப் கண்டிஷன்ணே” என்று மட்டும் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. கூட வந்த என் மனைவிதான், “உள்ள ஒரு மாதிரி வாடை அடிக்குதே” என்றாள். “அது புது கார்ப்பெட் வாடை” என்று அவளுக்கு விளக்கினேன். ஆக, அன்று அந்த இடத்தில் அந்தக் காரைப் பற்றித் திட்டவட்டமாகப் பொய் சொன்ன ஒரே ஆள் நான்தான்.

முதல் மழைக்காலத்தில் மின்சார வேலைகள் ஒவ்வொன்றாக நின்றன. ஸ்பேர் டயரைத் தூக்கிப் பார்த்த மெக்கானிக், அடியில் காய்ந்து கிடந்த சேற்றை விரலால் சுரண்டிக் காட்டினார். ஆற்றங்கரை வண்டல். அதில் கத்திரிச் செடி வைத்தால் நன்றாக வரும் என்று வேறு சொன்னார்.

சில வருடம் கழித்து எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் சட்டம் முடித்து ஜொகூர் பாருவில் சேம்பரிங் செய்துகொண்டிருந்தாள். வழக்கறிஞராகும் முன் ஒரு சீனியரிடம் ஒன்பது மாதம் இருந்து பழக வேண்டிய காலம் அது. சம்பளம் சொற்பம், வேலை கழுத்துவரை. அப்படிப்பட்டவளை ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலி ஓரமாகப் பிடித்து வைத்துக்கொண்டேன்.

“அங்கிள், அவர் என்ன சொன்னாரு?”

“டிப்டாப்னு சொன்னான்மா.”

“அது விளம்பரப் பேச்சு. கோர்ட் அத கணக்குல எடுக்காது. வெள்ளத்துல போன வண்டி இல்லன்னு சொன்னாரா?”

“அதப் பத்தி வாயே திறக்கல. அதான் மோசடிங்கிறேன்.”

“நீங்க கேட்டீங்களா?”

நான் வேலியில் படர்ந்திருந்த பாகற்கொடியைச் சரிசெய்ய ஆரம்பித்தேன்.

அவள் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்தாள். 17-ஆம் பிரிவில் நல்லெண்ணெய்க்குப் பதில் குதிரை. ஏ தன் குதிரையை ஏலத்தில் பி-க்கு விற்கிறார். குதிரைக்குக் கோளாறு என்று ஏ-க்குத் தெரியும். சொல்லவில்லை. இது மோசடி அல்ல. அதே பி, ஏ-யின் மகளாக இருந்து, அப்போதுதான் சட்டப்படி மேஜரானவளாகவும் இருந்தால், சொல்வது அப்பனின் கடமை. மூன்றாவது நிலைதான் என்னைக் கொன்றது. பி, ஏ-யைப் பார்த்து, “நீங்கள் மறுக்காவிட்டால் குதிரைக்குக் கோளாறில்லை என்று எடுத்துக்கொள்வேன்” என்கிறார். ஏ பேசாமல் நிற்கிறார். அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். ஒரே ஒரு வாக்கியம். அதை நான் சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னது “ம்”.

“சரி, சொன்னான்னே வச்சுக்குவோம்” என்றேன். பொய்ச்சாட்சிக்குத் தயாராகிவிட்டேன் என்பது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். பக்கத்தைத் திருப்பி 19-ஆம் பிரிவின் விதிவிலக்கைக் காட்டினாள். தவறான தகவலால் ஒப்புக்கொண்டவன் சாதாரண அக்கறையோடு பார்த்திருந்தால் உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்றால், அந்த ஒப்பந்தத்தை அவன் ரத்து செய்ய முடியாது. மோசடியான மௌனத்துக்கும் இதே கதிதான். அப்பட்டமாகத் தெரிந்தே சொன்ன பொய்க்குத்தான் இந்த விதிவிலக்கு உதவாது. “ஸ்பேர் டயரத் தூக்கிப் பாக்கறது சாதாரண அக்கறை அங்கிள்.” வாடை அடித்தது என்று வீட்டுக்காரியே சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. கேட்காவிட்டால் சொல்ல வேண்டியதில்லை என்று இப்போதுதானே படித்தேன்.

இதே விவகாரத்தில் இங்கிலாந்துக்காரனுக்கு யோகம் வேறு. 1881-இல் ரெட்கிரேவ் எதிர் ஹர்ட் என்று ஒரு வழக்கு. பர்மிங்ஹாம் வழக்கறிஞர் ஒருவர் தன் தொழிலில் பங்கும் வீடும் விற்கிறார். ஆண்டு வருமானம் 300 பவுன் என்கிறார். காகிதங்களை எடுத்துக் காட்டுகிறார். அவற்றில் 200 தேறுவதே கஷ்டம். மீதிக்கு ஒரு பழைய காகிதக் கட்டைக் காட்டுகிறார். வாங்குகிற ஹர்ட் அதைப் பிரித்தே பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதில் ஒன்றுமில்லை என்று தெரிந்திருக்கும். ஆனாலும் ஹர்ட் பக்கமே தீர்ப்பு: பொய் சொன்னவன், “நீ ஏன் சோதித்துப் பார்க்கவில்லை?” என்று கேட்க முடியாது. படித்ததும் எனக்கு ஹர்ட் மேல் சகோதர பாசம் வந்துவிட்டது. அவருக்கு ஒரு காகிதக் கட்டு, எனக்கு ஒரு ஸ்பேர் டயர். ஆனால் நம் சட்டத்தில் அந்த விதிவிலக்கு கல்லில் வெட்டியதுபோல் உட்கார்ந்திருக்கிறது. நல்லெண்ணெய் ஆலைக்கே இரண்டாவது உதாரணம் உண்டு. பி கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிறார். 400 கந்தாங்தான் என்று தெளிவாக இருக்கிறது. பார்த்த பிறகும் ஆலையை வாங்குகிறார். அப்புறம் ஏ-யைக் குறைசொல்லிப் பயனில்லை. அந்த பி-க்கும் கூட வந்த மனைவி ஏதாவது சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். சட்டம் அதைப் பதிவு செய்யவில்லை.

தோல்வியை ஒப்புக்கொண்டு வீட்டுக்குள் போகும்போது அவள் சாவகாசமாகச் சொன்னாள்: “1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு இருக்கு அங்கிள். கடைக்காரர் விக்கிற பொருளுக்கு ஏத்துக்கத்தக்க தரம் இருக்கணும். அங்க நீங்க ஜெயிச்சிருக்கலாம்.” அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் மனுவுக்குக் கட்டணம் ஐந்து வெள்ளி. பொதுவாக வழக்கறிஞர்கள் அங்கே வாதாட முடியாது. நாமே பேசிக்கொள்ள வேண்டியதுதான். அப்போது 25,000 வெள்ளி வரை கேட்கலாம், இப்போது 50,000.

“ஜெயிச்சிருக்கலாம்னா?”

“மூணு வருஷத்துக்குள்ள போயிருந்தா.”

தேதியைக் கணக்குப் பார்த்தோம். கெடு தாண்டிவிட்டது. அந்த மூன்று வருடமும் நான் சும்மா இருக்கவில்லை. மாமாக் கடையில், கோயிலில், கல்யாண வீட்டுப் பந்தியில், அந்தத் தம்பியை உள்ளே தள்ளாமல் விடப்போவதில்லை என்று கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். மனு எழுத மட்டும் நேரம் கிடைக்கவில்லை.

புத்தகத்தை அவள் திருப்பிக் கேட்கவில்லை. என் கெட்ட காலம், 18-ஆம் பிரிவைப் படித்தேன். 17 மோசடிக்காரர்களுக்கு, 18 என்னைப் போன்றவர்களுக்கு. தன்னிடம் இருக்கும் தகவல் இடம்கொடுக்காத அளவுக்கு உறுதியாக, உண்மையல்லாத ஒன்றைச் சொல்வது தவறான எடுத்துரைப்பு. சொல்பவன் அதை உண்மையென்றே நம்பினாலும் சரி. ஏமாற்றும் எண்ணம் தேவையில்லை. உள்நோக்கம் தேவையில்லை. தெரியாததைத் தெரிந்த தோரணையில் சொன்னால் போதும். என் வாழ்நாள் முழுவதும் நான் செய்துவந்த ஒரே காரியத்துக்கு ஒரு பிரிவே ஒதுக்கியிருக்கிறார்கள்.

பத்து பகாட்டிலிருந்து ஒருமுறை சின்னம்மா போன் செய்து ஒரு மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தார். “தங்கமான பையன், குடி கிடி எதுவும் கிடையாது” என்றேன். என்னிடம் இருந்த தகவல், அந்தப் பையனை நான் தைப்பூசத்தன்று பார்த்திருக்கிறேன் என்பது. காவடி தூக்கிக்கொண்டு போனான். விரதத்தில் இருக்கிறவன் எப்படிக் குடிப்பான்? மற்ற நாட்களைப் பற்றி என்னிடம் தகவல் எதுவும் இல்லை. அந்தக் கல்யாண ஒப்பந்தத்தில் நான் ஒரு தரப்பு இல்லை என்பது என் பாக்கியம். சின்னம்மா இன்றுவரை தனிச் சட்டம் நடத்திவருகிறார். என் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

பழைய கப்சாய் மோட்டாரை விற்றேன். “இன்ஜின்ல ஒரு சொட்டு எண்ணெய் கசியாது” என்று ஸ்டோரில் உடன் வேலைபார்த்த தம்பியிடம் சொன்னது சத்தியமான உண்மை, சொன்ன அன்று. அவர் பணத்தோடு வருவதற்குள் கசிய ஆரம்பித்தது. நான் வண்டியைச் சிமெண்டுத் தரையிலிருந்து நகர்த்தித் தார் ரோட்டில் நிறுத்தினேன். கறுப்பின் மேல் கறுப்பு தெரியாது. 1936-இல் இங்கிலாந்தில் வித் எதிர் ஓ’ஃப்ளானகன் என்ற வழக்கில் இதைத்தான் விசாரித்திருக்கிறார்கள். ஒரு டாக்டர் தன் கிளினிக்கை விற்கப் பேசுகிறார். வருமானம் ஆண்டுக்கு 2,000 பவுன் என்றது பேசிய ஜனவரியில் உண்மை. கையெழுத்தாகும் மே மாதத்துக்குள் அவர் நோயில் படுத்துவிட, நோயாளிகள் வேறு இடம் போய்விட்டார்கள். சொன்னது மாறிவிட்டால் மாறிவிட்டது என்று சொல்லியாக வேண்டும் என்றது நீதிமன்றம். தம்பி ஒரு வாரம் கழித்து வந்து, கோபப்படாமல், “அண்ணே, வண்டிய எங்க நிறுத்தினாலும் கையெழுத்துப் போடுது” என்றார். எனக்குச் சட்டம் தெரியாத காலம் அது. ஒரு போத்தல் கறுப்பெண்ணெய் வாங்கிக் கொடுத்து நஷ்ட ஈட்டை முடித்துக்கொண்டேன்.

இந்த வழக்குகளையெல்லாம் படிப்பதில் ஒரு சபலம் உண்டு. எல்லாரும் வெள்ளைக்காரர்கள், டாக்டர், வழக்கறிஞர், குதிரை. நமக்கு என்ன என்று தோன்றும். நம் பக்கத்து வழக்குகளுக்கு வந்ததும் சிரிப்பு கொஞ்சம் அடங்குகிறது. 1908-இல் ஐக்கிய மலாய் மாநிலங்களில் வெபர் எதிர் பிரவுன். தோட்டம் வாங்கிய துரை, விற்றவர் சொன்ன ரப்பர் மர எண்ணிக்கை தவறு என்று கோர்ட்டுக்குப் போனார். மரத்துக்கு மரம் நடந்து எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் யாராக இருந்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த மரங்களின் அடிக்கு நம் ஆட்கள் வந்து சேர்ந்ததே ஒரு பெரிய எடுத்துரைப்பின் பலன்தானே. கங்காணி லைசன்ஸோடு சொந்த ஊருக்குப் போவார். நல்ல வேட்டி, கையில் கடிகாரம். ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன். கூலி, வீடு, சாப்பாடு எல்லாம் டிப்டாப் என்றுதான் சொல்லியிருப்பார். 1938-இல் இந்திய அரசு இந்த ஆள்பிடிப்பை நிறுத்தியது. அதற்கு முன்பே என் தாத்தா கப்பலேறிவிட்டார். வந்து மலேரியாவில் விழுந்து எழுந்து, எழுதத் தெரிந்த கிராணியிடம் சொல்லி ஊருக்குப் போட்ட கடிதத்தில், “இங்கு யாவரும் சௌக்கியம்” என்றார். அதை நம்பி அவர் தம்பியும் கிளம்பி வந்தார். ஆகவே எனக்கு இது பரம்பரைச் சொத்து.

1982-இல் மலாயன் லா ஜர்னலில் வெளியான லெட்சுமி ஆறுமுகம் எதிர் அண்ணாமலை வழக்கை மட்டும் நான் வேகமாகத் தாண்ட முடியவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஓர் இந்தியப் பெண். அவர் நிலத்தை வாங்கியவர் வீடமைப்புத் தொழில் செய்பவர். தாளில் இருந்தது ஒன்று, அந்த அம்மாளிடம் சொல்லப்பட்டது இன்னொன்று. வாங்கியவர் சொல்லை நம்பிக் கையெழுத்துப் போட்டார். நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்தை நிற்க விடவில்லை. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இந்தச் சட்டம் இருக்கிறது என்று அப்போது பட்டது. வாசிக்கத் தெரிந்தும், மூக்கு இருந்தும், மனைவி இருந்தும் ஏமாந்தவனுக்காக அல்ல. நான் அந்த வரிசையில் போய் நின்றதே இடத்தை அடைத்ததுதான்.

இனி வாடகை அறை. பிள்ளைகள் வேலைக்குப் போனபின் மாடி அறை காலியாயிற்று. மளிகைக் கடைச் சுவரில் நானே எழுதி ஒட்டினேன்: “சிங்கப்பூரில் வேலை செய்பவர்களுக்கு ஏற்றது. காஸ்வேக்கு அரை மணி நேரம். அமைதியான குடும்பச் சூழல்.” ஈப்போவிலிருந்து வந்த பையன் ஒருவன் இரண்டு மாத டெபாசிட்டோடு குடிவந்தான். முதல் வாரத்திலேயே ஒருநாள் இரவு பத்து மணிக்கு மேல் களைத்துப்போய்ப் படியேறியவன், “அங்கிள், அந்த அரை மணி நேரம் எந்தக் கிழமை?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. நான் நேரம் பார்த்தது ஹரிராயா முதல் நாள் காலை. ஜொகூரே கேத்துப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்த வேளை. ரோட்டில் நானும் ஒரு பூனையும்தான். மற்ற நாளில் விடியுமுன்னே நாலு மணிக்கே மோட்டார்கள் சுல்தான் இஸ்கண்டார் கட்டடத்தை நோக்கி வரிசை கட்டிவிடும். பாலம் என்னவோ ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்தான். 1924-இல் திறந்தபோது இத்தனை பேர் தினமும் கடப்பார்கள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். நான் சொன்னதில் பொய் ஒரு எழுத்து கிடையாது. 1866-இல் டிம்மாக் எதிர் ஹாலெட் வழக்கில் நிலத்தை விற்றவரும் அப்படித்தான் நின்றார். பண்ணைகளுக்குக் குத்தகைக்காரர் இருக்கிறார்கள் என்றார், உண்மை. காலி செய்வதாக அவர்கள் நோட்டீஸ் கொடுத்துவிட்டதைச் சொல்லவில்லை. பாதி உண்மையை நீதிமன்றம் பொய்க் கணக்கில் சேர்த்தது. பையன் கேஸ் போடவில்லை. டெபாசிட்டைக் கழித்துக்கொண்டு கடைசி இரண்டு மாத வாடகை தராமல் போய்ச் சேர்ந்தான். போகும்போது ஒப்பந்தத்தை ரத்து செய்கிறோம் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அறை இப்போது மறுபடி காலி. பக்கத்து வீட்டுப் பெண் இப்போது சொந்தமாகப் பெயர்ப்பலகை மாட்டிய லாயர். அம்மா வீட்டுக்கு வாரக் கடைசியில் பிள்ளைகளோடு வருகிறாள். புது விளம்பரத்தை ஒட்டும்முன் அவளிடம் காட்டிவிட வேண்டும் என்று எழுதிக்கொண்டு போனேன். “அமைதியான சூழல்” என்பதை முதலில் அடித்தாள். பின்னால் சூராவ், முன்னால் கோயில், பக்கத்தில் அவள் பிள்ளைகள். “புக்கிட் சாகார் ஆர்டிஎஸ் நிலையத்துக்கு அருகில்” என்று எழுதியிருந்தேன். இரயிலில் ஏறினால் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த் சில நிமிடம் என்று ஊரெல்லாம் விளம்பரம். என் வீட்டிலிருந்து புக்கிட் சாகாருக்கே தனியாக ஒரு பயணம் போக வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அதையும் அடித்தாள். “நல்ல மனிதர்கள்” என்று என்னையும் மனைவியையும் குறிப்பிட்டிருந்ததில் என்னை மட்டும் அடித்தாள். அது விளையாட்டுக்கு என்று நினைக்கிறேன்.

எஞ்சியது முகவரி, வாடகை, “காற்றோட்டமான அறை.”

“இதையும் அடிச்சிடவா?” என்றேன். ஜன்னலைத் திறந்தால் எதிரே அவள் வீட்டுச் சுவர். கை நீட்டினால் தொடலாம்.

அவள் யோசித்தாள். நியூசிலாந்திலிருந்து பிரிவி கவுன்சில் வரை போன பிஸ்ஸெட் எதிர் வில்கின்சன் வழக்கைச் சொன்னாள். நிலம் 2,000 ஆடு தாங்கும் என்றார் விற்றவர். அந்த நிலத்தில் அவர் முறையாக ஆடு வளர்த்ததே இல்லை, அது வாங்கியவருக்கும் தெரியும். ஆகவே அது வெறும் அபிப்பிராயம். தவறான எடுத்துரைப்பு ஆகாது.

“ஆனா நீங்க இந்த ரூம்ல படுத்திருக்கீங்களா அங்கிள்?”

“இல்லம்மா. நாங்க கீழதான்.”

“அப்ப விட்டுடுங்க. இனிமே படுத்திடாதீங்க.”